பொத்தான் மேல் சந்தனப் பொட்டு

போன கிழமை இங்கே டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்தில் ஒரு துவக்குக் கடைக்குப் போனேன். என் பழைய றைபிளுக்கு எண்ணெய் வாங்கத்தான். அங்கே நின்ற பெடியன், நான் கேட்காமலே புது லீவர் றைபிள் ஒன்றை எடுத்து நீட்டினான். பக்கத்தில் இருந்த சின்னப் பொத்தானை அமுக்கிக் காட்டி, இப்போது பாதுகாப்பு என்றான். நான் வாங்கி, குழல்வாயை நிலத்துக்குப் பிடித்து, விசையைச் சுற்றி வளையமாக இருக்கும் லீவரை முழுக்க இழுத்துத் திறந்து, உள்ளே விரல் விட்டுத் தடவினேன். ஒன்றும் இல்லை. "இப்போதுதான் பாதுகாப்பு" என்றேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயது போனால் கோபம் குறையும் என்று யாரோ சொன்னார்கள். பொய்.

அந்தக் கடையின் மணம் உங்களுக்கும் தெரிந்த மணம்தான். தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய். எங்கள் பெண்களில் எத்தனையோ பேரின் உடுப்பில் அந்த மணம் ஒரு காலத்தில் ஊறிக் கிடந்தது. நான் வேலைக்கு நின்ற தையல் தொழிற்சாலையில் ஒவ்வொரு மெஷினிலும் ஊசிக்கு முன்னால் ஒரு கம்பி இருக்கும். விரல் உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி. எங்களில் பலர் அதை இடைஞ்சல் என்று மேலே தள்ளிவிட்டுத் தைப்போம். பக்கத்து மெஷினில் இருந்த கிர்ஸ்டன் தள்ளமாட்டாள். ஆனால் நூல் கோக்கும்போது கம்பியை நம்பவும் மாட்டாள்; மெஷினையே நிறுத்துவாள். கம்பி இருக்கே, பிறகென்ன பயம் என்று என் அரைகுறை டெனிஷில் கேட்டேன். கம்பிக்கு மூளை இல்லை என்றாள். அவளும் என்னைப்போல வாய்க்காரி, என் வயதுக்காரி. ஒட்டிக்கொண்டோம்.

கிரின்ஸ்டெட் பக்கம் அவளுடைய குடும்பத்துக்கு ஒரு துண்டுக் காடு இருந்தது. ஒரு சனிக்கிழமை என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். மான் பார்க்க என்று நினைத்தேன். அவள் காரின் பின்பக்கத்திலிருந்து லீவர் றைபிளை எடுத்தபோது என் கால் தானாகப் பின்னுக்குப் போனது. ஊரில் சண்டைக் காலத்தில் துவக்குச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் பாய்ந்த ஆள் நான். துவக்கு வைத்திருந்த எல்லாத் தரப்பையும் பார்த்தாயிற்று. எல்லோரும் அதை நீட்டித்தான் காட்டினார்கள். திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை, பார் என்று காட்டிய முதல் ஆள் கிர்ஸ்டன்தான். அன்றைக்கே முடிவெடுத்தேன், இந்தச் சாமானை நான் படிக்க வேண்டும் என்று. சுடுவதற்கு இல்லை. வெறுமையாக்குவதற்கு.

அவளுடைய பழைய றைபிளில் பொத்தான் கிடையாது. பின்பக்கத்தில் ஒரு சுத்தியல் வெளியே தெரிய இருக்கும். லீவரை இழுத்து மூடினால் ரவைத் தோட்டா உள்ளே ஏறும், சுத்தியல் பின்னுக்குச் சாய்ந்து நிற்கும். அதைச் சுடாமல் இறக்குவதென்றால் பெருவிரலால் பிடித்துக்கொண்டு விசையை அமுக்க வேண்டும். கை வழுக்கினால் வெடிக்கும். அந்தப் பயத்துக்குத்தான் பிறகு வந்த றைபிள்களில் சுத்தியலோடு, அதைத் தடுக்க ஒரு பொத்தானும் வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பொத்தானைக் கண்டவுடன் மனுசனுக்கு வெறுமையாக்குகிற பழக்கம் போய்விடுகிறது. கிர்ஸ்டன் வேலியைக் கடக்கவும் ரவையை எடுத்துவிடுவாள், தேநீர் குடிக்கவும் எடுத்துவிடுவாள்.

வேட்டை அனுமதிப் பரீட்சையில் ஒருமுறை கோட்டைவிட்டுத்தான் பாஸ் பண்ணினேன். இன்றுவரை ஒரு மானும் என் கையால் விழவில்லை. இந்த யூலாந்துப் பக்கத்து மான்களுக்கு என்னைப்போல ஒரு சிநேகிதி கிடையாது.

என்னைப் பார்த்து என் தம்பிக்கும் ஆசை வந்தது. அவன் முதல் தடவையே பாஸ் பண்ணினான், பொத்தான் வைத்த புது லீவர் றைபிள் வாங்கினான். அந்த வருசம் சரஸ்வதி பூசைக்கு வீட்டுக்குக் கூப்பிட்டான். வழக்கம் உங்களுக்குத் தெரியும். புத்தகம், கார்த் திறப்புக் கொத்து, தம்பியின் துளை போடும் மெஷின், எல்லாம் வெள்ளைத் துணி விரித்த சின்ன மேசையில். நடுவில் றைபிள். பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பாட்டுத் தொடங்கியிருந்தது. குத்துவிளக்கின் பக்கத்தில் இருந்தேன்.

பிறகுதான் சுத்தியலைக் கண்டேன். பின்னுக்குச் சாய்ந்து நின்றது.

குழல்வாய்க்கு நேரே சின்னப் பிள்ளைகள் சம்மணம் கட்டி இருந்தார்கள். மச்சாள், தம்பியின் மனைவி, கடையில் வாங்கிய செவ்வந்தியை மாலையாகக் கட்டி, லீவர் வளையத்துக்குள்ளால், விசையோடு ஒட்ட விட்டிருந்தாள். மாலையின் நுனி மேசைக்குக் கீழே தொங்கியது. அந்த நுனியைத் தம்பியின் மகள், என் மருமகள் மீரா, பாலர் பள்ளிக்குப் போகிற வயது, விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மீரா! விடு கையை!"

பாட்டு நின்றது. இரண்டு பேரைத் தாண்டிப் போய், மாலையை அறுத்து, றைபிளைத் தூக்கி, குழல்வாயை வெளிச்சுவர்ப் பக்கம் திருப்பி லீவரை இழுத்தேன். ரவை ஒன்று துள்ளி அவல் தட்டுக்குள் விழுந்தது. திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன். வேறு இல்லை.

"என்னடா இது?"

"லொக் போட்டுத்தானே அக்கா கிடக்கு" என்றான் தம்பி. "ஏன் கத்துறியள்?"

"ரவை ஏன்டா உள்ளுக்க?"

"வெறுந் துவக்கைச் சாமிக்கு முன்னால வைக்கேலுமே? வெறுங்குடம் வைப்பமே?"

"குடம் வெடிக்காது, மடையா."

றைபிளின் மறுபக்கத்தைத் திருப்பி அவனுக்குக் காட்டினேன். பொத்தானைச் சுற்றிச் சிவப்பு வளையம் தெரிந்தது. சிவப்பு என்றால் சுடும். இந்தப் பக்கம், அதே பொத்தானின் தலையில், வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு. மச்சாள் ஒவ்வொரு உறுப்புக்கும் பயபக்தியோடு அமுக்கிப் பொட்டு வைத்திருக்கிறாள். அமுக்கினால் பொத்தான் மறுபக்கம் போகும். அவளில் பிழை இல்லை. துவக்கைப் பற்றி அவள் என்ன கண்டாள்?

"பூசை நடுவில இப்பிடிக் கத்தினா அபசகுனம் மச்சாள்" என்று அவள் அழுதாள்.

"பிள்ளை செத்தா அது என்ன சகுனம்?"

தம்பியின் முகம் வெளிறித்தான் போனது. ஆனால் சபை நிறையச் சனம். பணிய மனம் வரவில்லை. "ஒண்டும் நடக்கேல்லைத்தானே" என்றான். அந்த வசனத்தில்தான் என் மனம் இறுகியது.

"நாளைக்கு இதைக் கடையில திருப்பிக் குடு. இல்லாட்டி நான் பொலிசுக்குச் சொல்லுவன்."

"சொல்லுங்கோவன். பிறகு இஞ்ச வராதேங்கோ."

அவன் கொடுக்கவில்லை. நான் சொன்னேன். பொலிஸ் வந்து துவக்கையும் அனுமதியையும் எடுத்துக்கொண்டு போனது. சனம் எனக்கு ஒரு பெயர் வைத்தது: தம்பியைக் காட்டிக் கொடுத்தவள். எங்கள் ஆட்களிடத்தில் அந்தச் சொல் எவ்வளவு பாரம் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தூக்கிக்கொண்டேன். நாளைக்கு இன்னொரு வீட்டில் கண்டாலும் அதைத்தான் செய்வேன்.

தையல் தொழிற்சாலை இப்போது தளபாடக் களஞ்சியம். அந்தப் பக்கம் போனால் எண்ணெய் மணம் இல்லை, அட்டைப்பெட்டி மணம்தான். கிர்ஸ்டன் போய்ச் சேர்ந்துவிட்டாள். காட்டுத் துண்டை மகன் விற்றுவிட்டான். அவளுடைய றைபிள் மட்டும் என் இரும்பு அலுமாரிக்குள் இருக்கிறது, திறந்தபடி, வெறுமையாக. சரஸ்வதி பூசைக்கு என்னை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. மச்சாளின் அவலில் தேங்காய்ப்பூ தாராளமாக இருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் வாய் ஊறுகிறது, சொல்ல என்ன வெட்கம்.

எண்ணெய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது கடைத்தெருவில் மீராவைக் கண்டேன். என்னைவிட உயரம். தகப்பனின் மூக்கு. என்னைக் கண்டதும் கொஞ்சம் தயங்கி, "ஹை" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். முந்தி மாமி, மாமி என்று காலைச் சுற்றுகிற பிள்ளை. அந்தச் சொல் போய்விட்டது.

தெருமுனை திரும்பும்வரை அவள் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.