ரெங்கம்மாள் உரித்த ஸ்டாம்பு

வெற்றிலை அடுக்குவதில் சோழவந்தான் ரெங்கம்மாளை அடித்துக்கொள்ள ஈரேழு உலகத்திலும் ஆள் கிடையாது. சரி, கூட்டித்தான் சொல்கிறேன். வாடிப்பட்டிவரைக்கும் கிடையாது, அதில் குறைக்கமாட்டேன்.

அவளுக்கு ஒரே ஆசை, கன்னியர் மடத்துப் பள்ளியில் எழுத்துப் படிக்க வேண்டும். இரண்டு முறை போய்க் கேட்டாள். "பதினாறு வயசுக் குமரியைச் சின்னப் பிள்ளைகளோட எப்படி உட்கார வைக்கிறது?" என்று இரண்டு முறையும் அனுப்பிவிட்டார் மடத்துத் தலைவியான மதர்.

முப்பத்தெட்டாம் வருஷம் மடத்து விருந்துக்குப் பத்துக் கவுளி வெற்றிலை கொண்டுபோனாள். அங்கே ஒரே கலவரம். அந்தக் கன்னியர் சபையை நிறுவிய தாயாரின் நூற்றாண்டுக்கு அவருடைய நாட்டில் நினைவுத் தபால்தலை வெளியிட்டிருந்தார்கள். சீமையிலிருந்து வந்த உறையில் அது இரண்டு ஒட்டியிருந்தது. மறுநாள் பிஷப் வருவதற்குள் ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும். மதர் நகத்தால் கிளப்பியதில் முதலாவது, அதிலிருந்த தாயார் படத்தின் மூக்கோடு கிழிந்துவிட்டது. இரண்டாவதிலும் கை வைத்தார்.

"இழுக்காதீக மதர்!" ரெங்கம்மாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

உறையைக் கொண்டுவந்த தபால்காரர் கண்ணுச்சாமி சிரித்தார். "ஏ புள்ள, இதென்ன வெத்தலையா?"

"ஆமாண்ணே. ஒட்டிப்போன இலையில நல்லதை அசைக்கவே கூடாது. அழுகினதைத்தான் அதுல இருந்து உரிச்செடுக்கணும்."

உறையின் மூலையை வெட்டி, காகிதப் பக்கம் கீழே இருக்க, கூடையிலிருந்த ஈர வாழைமட்டையில் வைத்தாள். அது ஊறும்வரை வாய் சும்மா இருக்குமா?

"யாரு மதர் இந்த அம்மா?"

"ஆலைக்குப் போற பொம்பளைங்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தவங்க. பெரியவங்க எல்லாரும் எதிர்த்தாங்க. இவங்க கேட்கல."

"அந்தப் பொம்பளைகளுக்கு எம்புட்டு வயசு மதர்?"

மதர் குனிந்து வாழைமட்டையைப் பார்த்தார். கண்ணுச்சாமி திரும்பிக்கொண்டு மீசைக்குள் சிரித்தார்.

ரெங்கம்மாள் தபால்தலையைக் கவிழ்த்தாள். பின்னாலிருந்த காகிதத்தை ஓரத்திலிருந்து மெல்லச் சுருட்டினாள். காகிதம் கழன்று வந்தது. தாயார் முழுசாக அவள் உள்ளங்கையில் கிடந்தார்.

மதர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு, "திங்கட்கிழமை சிலேட்டோட வா" என்றார்.

"தனியா வரக் கூச்சமா இருக்கு மதர். வெத்தலைக் கொடிக்கால்ல வேலை பாக்குற இன்னும் சில பொம்பளைக இருக்காக."

"அவங்களையும் கூட்டிட்டு வா, போ!"

திங்கட்கிழமை நாற்பது பெண்கள் சிலேட்டோடு வாசலில் நின்றார்கள். எட்டே வருஷத்தில் அந்த வகுப்புக்கு ரெங்கம்மாளே டீச்சர். அவள் உரித்த தபால்தலையில் இன்றைக்கும் ஒரு கீறல் கிடையாது.

நான் இதை எழுதி வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்த ரெங்கம்மாள் டீச்சர் கண்ணாடியைக் கழற்றினாள். "நாப்பதா? நாலு பேரு வந்தோம். ஸ்டாம்புல ஓரத்துப் பல்லு ஒண்ணு என் கையிலயே போயிருச்சு. சட்டம் மறைச்சிருக்கு. மொதல்ல அதை எழுதுங்க."