ஜன்னலக்கா

சுகாதார ஆய்வாளராகப் பதினெட்டு வருடம் தண்ணீர்த் தொட்டிகளை எட்டிப் பார்த்தே காலம் தள்ளியவருக்கு, தொற்று பரவிய வருடத்தில்தான் 'ஜன்னலக்கா' என்று பெயர் வந்தது. வேலையிடங்களில் காற்றோட்டம் இருந்தே ஆக வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. விட்ட மூச்சு அறைக்குள் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டும் கருவி ஒன்றைக் கொடுத்து அவரை ஊர் சுற்ற அனுப்பிவிட்டார்கள்.

அன்று போனது ஒரு தையற்கூடம். பன்னிரண்டு தையல் மிஷின்கள், ஆறு ஜன்னல்கள். ஆறும் பெயின்ட் பூசி ஒட்டிப்போயிருந்தன.

"அதான் ஏசி ஓடுதே மேடம்!" என்றார் முதலாளி.

"அது உள்ள இருக்கிற காத்தையேதான் சுத்திவிடுது சார். ஒருத்தர் விட்ட மூச்சை இன்னொருத்தர் இழுக்கிறாங்க."

எண்ணூறைத் தாண்டக் கூடாத எண், கருவியில் இரண்டாயிரத்து நூறு என்று காட்டியது.

"உங்க மிஷின் ரிப்பேரா இருக்கும்" என்றார் முதலாளி, விடாக்கண்டனாக.

அக்கா ஒரு திருப்புளியைக் கேட்டு வாங்கி ஸ்டூலில் ஏறினார். அவர் பெயின்டைச் சுரண்ட, தையல் பெண்கள் நாலு பேர் சேர்ந்து தள்ள, ஜன்னல் படாரென்று திறந்தது. துணித்துணுக்குகள் பறந்துபோய் முதலாளியின் தலையில் உட்கார்ந்தன. கூடமே சிரித்தது. மற்ற ஜன்னல்களும் திறந்தபின், கால் மணி நேரத்தில் எண் எழுநூறுக்கு இறங்கியது.

அடுத்த வாரம் முதலாளியே போன் செய்தார். மறுபடி மூடிவிட்டாரோ என்று பயந்துகொண்டே அக்கா எடுத்தார். "மேடம், மாடி ஆபீஸ்காரங்க ஜன்னலைத் திறக்கவே மாட்டேங்கிறாங்க. நான் சொன்னா யார் கேக்கிறா? மிஷினைத் தூக்கிட்டு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க!"

வாய்விட்டுச் சிரித்தபடி அக்கா வண்டியைக் கிளப்பினார்.