தீயால் குளிரும் பெட்டி

பள்ளிக்கூடம் போகாமலே என் தங்கை பட்டறையில் இடம் பிடித்தாள், "பொம்பளைக்கு எதுக்கு ஸ்பானர்?" என்றவர்களின் வாயை அடைத்தாள், சொந்தப் பெயரில் வேலையும் வாங்கினாள்.

ஒருமுறை ஆஸ்பத்திரியின் தடுப்பூசிப் பெட்டி குளிரவில்லை. அது கரண்ட் இல்லாமல் மண்ணெண்ணெய் விளக்கில் ஓடுவது. சுடரின் சூட்டில் அம்மோனியா நீரிலிருந்து ஆவியாகப் பிரியும்; மேல் குழாயில் திரவமாகும்; பெட்டிக்குள் மீண்டும் ஆவியாகும்போது அங்குள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். சாய்ந்த தரையில் நின்றதால் திரவம் வழியில் தேங்கிவிட்டது என்றாள் தங்கை.

"விளக்கை அணைச்சுட்டு ஒரு நாள் கவுத்து வைக்கணும், முதலாளி."

"கவுத்து வைக்க இது என்ன சோத்துப் பானையா? குளிரலைன்னா பட்டறைப் பக்கமே வராத."

"வரல. குளிர்ந்தா, ரிப்பேர் பண்ணது நான்னு சீட்டுல இருக்கணும். உங்க பேர் வேணாம்."

அண்ணனான நானும் ஒரு பக்கம் பிடித்தேன், கவிழ்த்தோம். மறுநாள் நிமிர்த்தி, தரையை மட்டமாக்கி, திரவம் இறங்கும்வரை காத்திருந்து விளக்கேற்றினாள். அடுத்த நாள் காலையில் உள்ளே பனி படர்ந்திருந்தது.

முதலாளி சீட்டோடு மைப்பெட்டியை நீட்டினார்.

"கட்டைவிரலை வை, தாயே."

"விரல் எதுக்கு? பேனா குடுங்க."

அடுப்படிச் சுவரில் கரியால் எழுதிப் பழகிய பெயரை நிதானமாக எழுதினாள். அன்று 1984 ஜூலை 11, புதன்கிழமை.