ஆபீஸ் ரோட்டுல பாவு நீட்டின காலை

மழை பெஞ்சா மண்வாசனை வரும்னு எல்லாரும் எழுதுறாங்க. ஆரணியில எங்க தெருவுக்கு சாக்கடை நாத்தம்தான் வரும்...

எண்பதுகளோட தொடக்கம். தெரு முழுக்கக் குழித்தறி. நெய்யறவங்க தரையில உக்காந்து, காலைக் குழிக்குள்ள விட்டு மிதிகட்டையை மிதிக்கணும். தெருவுல கால்வாய் கிடையாது. ஒரு நல்ல மழை போதும், தெருத்தண்ணி மொத்தமும் நேரா அந்தக் குழிக்குள்ளதான் இறங்கும்.

எதிர் வீட்டு சரோஜாக்கா வீடு இருக்கறதுலயே பள்ளம். அவங்க வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணன் காலுல சேத்துப்புண்ணோட அந்தத் தண்ணியிலயே உக்காந்து நெய்வாரு. அக்கா பக்கத்துல சொம்பால மொண்டு ஊத்திகினே இருப்பாங்க.

"இன்னாடி, தறியா கிணறா?"ன்னு போறவங்க கேப்பாங்க.

"மீன் வளக்கறேன். உனுக்கு ரெண்டு வேணுமா?"ம்பாங்க அக்கா.

அந்த வருஷம் ஒருவழியா எங்க தெருக் கால்வாய்க்குப் பணம் ஒதுக்கினாங்க. ஆளுங்க வந்து அளந்து, சுண்ணாம்புல கோடு போட்டுட்டுப் போனாங்க. கோடு காயறதுக்குள்ள வேற சேதி வந்துது. யாரோ மந்திரி வரப்போறாராம். அந்தப் பணத்தை எடுத்து பஸ் ஸ்டாண்டுகிட்ட பவுண்டன் கட்டப் போறாங்களாம்.

பவுண்டன்! குடிக்கக் குழாயில தண்ணி வராத ஊருல, ஆகாசத்துக்குப் பீச்சி அடிக்க...

போய்க் கேக்கலாம்னா கவுன்சிலர்னு யாரும் இல்ல. அப்போ எலெக்‌ஷனே நடக்கல. மேல இருந்து அனுப்பின ஒரு அதிகாரி வெச்சதுதான் சட்டம்.

எனக்கு இருபது வயசு. ரைஸ் மில்லுல மூட்டை எடை பாக்கற வேலை. கையில காசில்ல, உடம்பு பூரா கோவம். வீடு வீடாப் போயி, "திங்கக்கிழமை காலையில முனிசிபல் ஆபீஸ் முன்னாடி வாங்க, நம்ம பணத்தைக் கேப்போம்"னு சொன்னேன். எல்லாரும் தலையாட்டினாங்க. போய்ப் பாத்தா, நான் ஒருத்தன். டீக்கடைப் பெஞ்சுக்கு அடியில ஒரு நாய்.

திரும்பி வந்து அக்கா வீட்டு வாசல்ல கத்தினேன். "இந்த ஜனங்களுக்கு சொரணையே கிடையாது!"

அக்கா நிமிந்து பாத்தாங்க. "இன்னா லீடரு, மீட்டிங் முடிஞ்சுதா? தறிய விட்டுட்டு வான்னா எவன்டா வருவான்? அன்னிக்கு அடுப்பு எரிய வேணாமா? பாவு நீட்டணும்னு கூப்ட்டுப் பாரு."

பாவுன்னா சேலைக்கு நீளவாக்குல ஓடற நூல். தறியில ஏத்தறதுக்கு முன்னாடி அத்தனை இழையையும் தெருவுல நீட்டி, இழுத்துக் கட்டி, கஞ்சி தெளிச்சு, சிக்கெடுக்கணும். ஒரு வீட்டு ஆளுங்களால ஆகாது. அதனால யார் வீட்டுப் பாவா இருந்தாலும் கூப்பிட்டா தெருவே வரும். பேச்சுவார்த்தை இல்லாதவங்ககூட வந்து, மூஞ்சியத் திருப்பிகினு இழை பிரிப்பாங்க. நாளைக்கு அவங்க பாவுக்கும் ஆள் வேணுமே.

சாயங்காலம் அக்கா நடுத்தெருவுல நின்னு குரல் குடுத்தாங்க. "நாளைக்கு என் பாவு! இங்க சாக்கடை, பட்டுல பட்டா நாசம். ஆபீஸ் முன்னாடி ரோடு சுத்தமா கீது. அங்க வந்துடுங்க!"

தெருவே சிரிச்சுது. ஏழுமலை அண்ணன் மட்டும் சிரிக்கல. பட்டு அவங்களுது இல்ல, முதலாளி குடுத்தது. அதுமேல ஒரு சக்கரம் ஏறினா, அந்த முதலாளி இனிமே பட்டே தரமாட்டார்.

"வேற யார் பாவும் கெடைக்கலியா உனுக்கு?"

"நம்ம வூட்லதான தண்ணி பூருது. வேற யாரப் போய் கேக்கறது?"

காலையில ஆபீஸ் கேட்டுக்குக் குறுக்கால, ரோட்டு நெடுக அரக்குக் கலர் பாவு. ரெண்டு பக்கமும் எங்க தெரு. எல்லா கையும் இழையில. கோஷம் இல்ல, கொடி இல்ல. அதிகாரியோட ஜீப் வந்துது.

டிரைவர் நம்ம ஊர்க்காரர். பிரேக் போட்டார்.

"ஏன்யா நிறுத்தின?"

"பாவு நீட்டிகினு கீறாங்க சார்."

"அதனால? மேல ஏத்திப் போ."

ஏழுமலை அண்ணன் கை அப்படியே நின்னுடுச்சு. அவர் கண்ணு சக்கரத்துமேலயே இருந்துது.

"நீட்டின பாவுமேல எங்க ஊருல யாரும் ஏற மாட்டோம் சார்." டிரைவர் இஞ்சினை அணைச்சு, சாவியைச் சட்டைப் பையில போட்டுகினார்.

அதிகாரி இறங்கினார். "ஏம்மா, ரோட்ல பண்ற வேலையா இது?"

அக்கா தலையத் தூக்கவே இல்ல. "எங்க தெருவுல கால்வா வர்ற வரைக்கும் இங்கதான் சார். இன்னிக்கு என்னுது. நாளைக்கு முனியம்மாளுது."

"எதுவா இருந்தாலும் மனு எழுதிக் குடுங்க."

"கை காலியில்ல சார்."

சிரிப்புல பாவே ஆடிச்சு. அவர் பாவோட நுனி வரைக்கும் நடந்து, சுத்திகினு உள்ள போனார்.

மறுநாள் முனியம்மா பாவு. அதுக்கு மறுநாள் வேற வீடு. வாரம் முடியறதுக்குள்ள அவரே பேண்ட்டை மடிச்சுவிட்டுகினு எங்க தெருவுக்கு வந்தார். அக்கா நேராத் தறிக்குழிகிட்ட கூட்டிகினு போனாங்க. குழித்தண்ணியில ஊறின ஏழுமலை அண்ணன் காலை அவர் பாத்தார்.

பவுண்டன் வரல. மந்திரியும் வரல. கால்வாய் வந்துது.

அடுத்த மழையில அண்ணன் காஞ்ச குழியில காலை நீட்டி நெய்தாரு. அக்காதான் கைக்கு வேலையில்லாம, வாசல்ல நின்னு கால்வாயில ஓடற தண்ணிய வேடிக்கை பாத்துகினு இருந்தாங்க...

அது பொற்காலம்னு நான் சொல்ல மாட்டேன். கால் அழுகின காலம் அது. ஆனா அப்போ ஒருத்தருக்கு ஒருத்தர் தேவைப்பட்டாங்க.

இப்போ சென்னையில அபார்ட்மென்ட். எங்க ஏரியா மழைநீர்க் கால்வாய்ப் பணத்தை மெயின் ரோட்டு அலங்கார வளைவுக்கு மாத்துறாங்க. போய்க் கேப்போம், கீழ கூடுங்கன்னு வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். அத்தனை பேரும் கட்டைவிரல் தூக்கினாங்க. ஞாயித்துக்கிழமை கீழ இறங்கி நின்னா, வாட்ச்மேனும் நானும்தான்.

மேல ஏறிப் போயி எதிர் வீட்டு பெல்லை அழுத்தினேன். கிரில் கதவுக்குப் பின்னாடி இருந்து அந்த வீட்டுக்காரர் கேட்டார்: "நீங்க எந்த ஃப்ளாட் சார்?"

"எதிர் கதவுங்க."

அவருக்கே கூச்சமாயிடுச்சு. "இருங்க, சட்டை போட்டுட்டு வரேன்"னு உள்ள போனார்.

ரெண்டு பேருமாப் போயி அடுத்த பெல்லை அழுத்தினோம்.