கோடிச் சேலையில் ஒரு சைட் பேக்

எனக்குப் பொறுமை கிடையாது. இப்போதும் இல்லை, ஆறாம் வகுப்புப் படித்தபோது அறவே இல்லை. பள்ளிக்கூடத்தில் கதிர்காமத்துக்கு ட்ரிப் போகிறோம் என்று சொன்ன அன்றைக்கே, எனக்கு ஒரு சைட் பேக் வேண்டும் என்று அம்மாவின் உயிரை எடுக்கத் தொடங்கினேன். ட்ரிப்புக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. என் வகுப்புப் பெண்கள் எல்லாரும் கொடகவெல டவுன் கடையில் வாங்கிய பையைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு வருவார்கள். நான் மட்டும் ஷொப்பிங் பேக்கில் சோற்றுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு போவதா?

அம்மா மூலையில் கிடந்த தேயிலைக் கொழுந்துச் சாக்கைக் காட்டினாள். "இதக் கொண்டு போ. நாலு பேரு சோறு புடிக்கும்."

நான் தரையில் உட்கார்ந்து காலை உதைத்து அழுதேன். எங்கள் லயத்து வரிசையில் அடுத்த அறையான காம்பராவில் இருந்து சித்தி எட்டிப் பார்த்து, "எந்திரி. நான் தைச்சுத் தாரேன்" என்றாள்.

சித்தி என்றால் அப்பாவின் தம்பி பெண்சாதி. சித்தப்பா செத்து அப்போது ஐந்து மாதம். தோட்டத்தில் வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மாணிக்கக்கல் தோண்டும் குழியில் இறங்குவார். ஒரு ஞாயிறு குழி சரிந்தது, மேலே வரவில்லை. பிள்ளை கிடையாது. அப்பாதான் தோட்டத்து ஆபிசுக்கு நடையாய் நடந்து, வேலையாட்களின் பேர் பதியும் செக்ரோலில் சித்தப்பா பேர் இருந்த இடத்தில் சித்தியின் பேரைப் பதிந்து கொடுத்தார். அதுவரை வீட்டில் தையல் மெசினில் உட்கார்ந்திருந்தவள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனாள். தம்பி பெண்சாதியைக் கைவிடாத மனுசன் என்று லயமே அப்பாவைப் பற்றிப் பேசியது. எனக்கும் பெருமையாக இருந்தது.

ஆனால் அப்பாவும் சித்தியும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதை நான் பார்த்ததில்லை. புருசனின் அண்ணனை முகம் பார்த்துப் பேசுவது எங்கள் ஆட்களிடம் வழக்கமில்லை. சித்தி சொல்ல வேண்டியதை அம்மாவைப் பார்த்துச் சொல்வாள். அப்பா பதிலைச் சுவரிடம் சொல்வார். இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு இந்தக் கூத்து நடக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் சித்தி தகரப் பெட்டியைத் திறந்து மடிப்புக் கலையாத ஒரு கருநீலச் சேலையை எடுத்தாள். அதை எனக்குத் தெரியும். சித்தப்பாவின் பதினாறாம் நாளில் சித்தியின் அண்ணன் கொண்டுவந்து போர்த்திய கோடிச் சேலை அது. புருசன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டார் போர்த்துவது. அந்த ஒரு நாளோடு சரி. பிறகு அதை உடுத்தக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது, வயசுக்கு வராத பிள்ளை தொடவே கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று இப்போது நடிக்க மாட்டேன். அந்த நீலம் எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

"இதையா சித்தி வெட்டப் போறீங்க?"

"பொட்டியில கெடந்து பூச்சி திங்கறதுக்கு ஒன் தோள்ல கெடக்கட்டும்."

கத்தரியை வைத்து ஒரே இழுப்பாக வெட்டினாள். சேலைத் துணி மெல்லியது, பாரம் தாங்காது. அதனால் சித்தப்பாவின் காக்கிக் காற்சட்டையை எடுத்து உள்ளுக்கு வைத்தாள். அதன் இரண்டு காலையும் நீளமாகக் கிழித்து, மடித்து, தோள் வார் ஆக்கினாள். காற்சட்டையின் ஸிப்பையும் பிரித்து எடுத்து, பைக்குள்ளே ஒரு குட்டிப் பைக்கு வைத்தாள். ஸிப் குட்டை, அதனால் அந்தப் பையும் உள்ளங்கை அளவுதான். "அடையாள அட்டை வைக்கலாம்" என்றாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏது அடையாள அட்டை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஒரு வாரம் இழுத்தது. சித்தி தேயிலை மலையில் இருந்து வந்து, கால் கழுவி, வெளிச்சம் மங்கும் வரைக்கும் தைப்பாள். தைத்ததைத் திருப்பிப் பார்ப்பாள். பிரிப்பாள். மறுபடி தைப்பாள். நான் மெசினைச் சுற்றிச் சுற்றி வந்தேன். முக்காலியில் ஏறினேன், இறங்கினேன், வாசலுக்கு ஓடினேன், திரும்பி வந்தேன். ஒரு தடவை சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றி நூலை அறுத்துவிட்டேன்.

"கைய எடுடி கொரங்கே. ஊசி ஏறுனா வெரல் இல்லாமத்தான் கதிர்காமம் போவ."

"நேராத்தானே இருக்கு, ஏன் பிரிக்கிறீங்க?"

"ஒனக்கு நேரு. பாக்கறவங்களுக்கு?"

"ட்ரிப்ல யாரு சித்தி தையலப் பாப்பாங்க?"

அவள் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பை முடிந்தது. கடைப் பையெல்லாம் அதன் கால்தூசிக்கு ஆகாது. ஓரத்தில் இரட்டைத் தையல், ரூல் போட்டு இழுத்த மாதிரி. தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். சித்தி என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். துணியை யாராவது அடையாளம் கண்டுகொள்வார்கள் என்ற பயம் என்று நினைத்தேன். பிறகுதான் விசயத்தைச் சொன்னாள்.

கீழ் கிராமத்துச் சிங்கள அக்கா ஒருத்தி சித்தியிடம் சட்டை தைக்கக் கொடுக்க வருவாள்; சித்தியை நங்கி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவாள். எம்பிலிப்பிட்டிய பக்கம் ஒரு கார்மென்ட் ஃபேக்டரியில் வேலை. திங்கட்கிழமை புது ஆட்களை எடுக்கிறார்கள், தைத்த சாமான் ஒன்றைக் கையோடு கொண்டு வா நங்கி, தையல் பிடித்திருந்தால் எடுத்துக்கொள்வார்கள், தங்க இடமும் உண்டு என்று சொல்லியிருக்கிறாள்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் பைய எனக்குக் குடு. புதன்கெழம ட்ரிப்புக்கு முன்ன ஒன் கையில இருக்கும். அப்பாகிட்ட மட்டும் சொல்லிறாத, தங்கம்."

"திருப்பித் தராட்டி?"

"தராம எங்க போவேன்?"

தலையை ஆட்டினேன். பத்து நிமிசம் தாங்கினேன். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. பையை ஃபேக்டரிக்காரர்கள் வைத்துக்கொள்வார்கள். சித்தியும் அங்கேயே தங்கிவிடுவாள். நான் ஷொப்பிங் பேக்கோடு பஸ்ஸில் ஏறுவேன், எல்லாரும் பார்ப்பார்கள். இதுதான் மண்டைக்குள் ஓடியது.

அப்பா வாசலில் குந்தியிருந்து ரப்பர் பால் வெட்டும் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். நேரே போய்ச் சொன்னேன்.

"சித்தி என் பேக்க எம்பிலிப்பிட்டிக்குக் கொண்டு போறாங்கப்பா. கார்மென்டுல காட்டி வேலைக்குச் சேரப் போறாங்களாம். அங்கேயே தங்கலாமாம். நீங்க பேக்க வாங்கித் தாங்க."

கத்தி நின்றது. "எப்ப?"

"நாளைக்கு."

அப்பா கத்தியைத் துடைத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு, "என்ன பேக்கு?" என்றார். எதில் தைத்தது என்றும் சொன்னேன். கோடிச் சேலை என்ற சொல் வாயில் இருந்து விழுந்த பிறகுதான் அவர் எழுந்தார்.

எழுந்தவர் லயம் முழுக்கக் கேட்கக் கத்தினார். கோடித் துணியைக் கிழித்துக் கன்னிப் பிள்ளை தோளில் மாட்டுகிறாளா, இந்தக் குடும்பம் விளங்குமா, நாளைக்கு என் மகளுக்கு ஒரு நல்லது நடக்குமா? எல்லாம் சுவரைப் பார்த்துத்தான். அம்மா நடுவில் நின்று கையைப் பிசைந்தாள்.

"அக்கா, எங்கண்ணன் எனக்குப் போத்துன துணி அது" என்று சித்தி அம்மாவிடம் சொன்னாள். பிறகு திரும்பினாள். அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். "வேலைக்குத்தான் போறேன். ஓடிப் போகல."

அப்பா பையைப் பறித்து வாரைப் பிடித்து இழுத்தார். அறவில்லை. காலால் மிதித்துக்கொண்டு இழுத்தார். ஒரு தையல்கூட விடவில்லை. கடைசியில் பால் வெட்டும் கத்தியால் வாரை அறுத்து, பையை அடுப்பில் போட்டார். சேலை உடனே சுருங்கிக் கருகியது. காக்கி நின்று எரிந்தது. நான் உருண்டு புரண்டு அழுதேன், பைக்காக. சித்தி அழவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அப்பா தன் வேலைக்குப் போவதற்கு முன்னால், சித்திக்குப் பின்னாலேயே, காலையில் ஆட்களைக் கூட்டி வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக்களம் வரை நடந்தார். கணக்கப்பிள்ளை அவள் பேரைப் போடும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். சித்தியை மன்னித்துவிட்டார், துணைக்குப் போகிறார் என்று நினைத்து எனக்கு நிம்மதியாக இருந்தது. புதன்கிழமை சித்திதான் எனக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். கதிர்காமத்தில் என்ன பார்த்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

சித்தி அதற்குப் பிறகு இரண்டு வருடம் கொழுந்து பறித்தாள்.

அப்போது என் அண்ணனுக்குப் பதினெட்டு முடிந்தது. அப்பா மறுபடியும் ஆபிசுக்கு நடந்தார். எங்கள் தோட்டத்தில் ஒரு காம்பராவுக்கு ஒருத்தர் பேராவது செக்ரோலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காம்பராவைத் தோட்டம் எடுத்துக்கொள்ளும். செக்ரோலில் சித்தியின் காம்பராவுக்கு அண்ணனின் பேர் பதியப்பட்டது. அடுத்த மாதமே அண்ணனுக்குப் பெண் பார்க்கும் பேச்சு வந்தது.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், சித்தி எங்கள் காம்பராவில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது அப்பா சுவரிடம் சொன்னார்: "எம்பிலிப்பிட்டியில கார்மென்டுக்கு ஆள் எடுக்கறாங்களாம். சின்ன வயசு. இங்க கெடந்து ஏன் கஷ்டப்படணும்? போறதுன்னா போகட்டும்."

சித்தி கையை அரிசியில் இருந்து எடுக்காமல் அம்மாவிடம் கேட்டாள்.

"கோடித் துணித் தீட்டெல்லாம் கழிஞ்சிருச்சான்னு கேளுங்கக்கா."

சித்தி பகிடி விடுகிறாள் என்று நினைத்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்பா துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். அம்மா என் மண்டையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். பதின்மூன்று வயது எனக்கு. எதற்கு அடித்தாள் என்று புரியாமல், "நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டேன்.