பொன்னாயி நின்ற இடம்

எழுதப் படிக்கத் தெரியாத பொன்னாயி, தன் புருஷனைத் தேடித் தனியாளாகப் பெல்லாரிப் பக்கம் கிளம்பியபோது, போகாதே என்று தடுத்தவர்களில் முதல் ஆள் நான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எடப்பாடியில் பதினெட்டு வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவன் நான். எந்த விரல் எந்தக் கீயில் இருக்க வேண்டும், முதுகு எப்படி இருக்க வேண்டும், கண் எங்கே இருக்க வேண்டும் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் என் பிழைப்பு. சொல்லிக் கொடுக்காமல் யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

பொன்னாயி காலையில் ஒரு தரம், நாலு மணிக்கு ஒரு தரம் வந்து இன்ஸ்டிட்யூட்டைக் கூட்டிவிட்டுப் போவாள். மற்ற நேரமெல்லாம் எங்கள் தெருக்கோடித் தறிப்பட்டறையில் தார் சுற்றும் வேலை, அதாவது தறியின் நாடாவில் வைக்கும் குச்சிகளுக்கு நூல் சுற்றுவது. முப்பது வயதிருக்கும். புருஷன் கந்தன், திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிறவன். போனால் எட்டு மாதம், பத்து மாதம் ஊர்ப்பக்கமே வரமாட்டான். குழந்தை இல்லை. அவன் வருகிற அந்த ஒரு மாதத்துக்காக மற்ற மாதங்களை அவள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பட்டறையில் கழித்துப் போடும் நூலில் முழம் நீளத்துக்கு ஒன்றை இடுப்பில் செருகியிருப்பாள். புது இடத்துக்குப் போனால் அதில் முடிச்சுப் போட்டுக்கொண்டே போவாள். அவள் அம்மாவைச் சேலம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது அத்தனை வராந்தாவிலும் அப்படித்தான் நடந்தாளாம். வலது பக்கம் திரும்பினால் ஒற்றை முடிச்சு, இடது பக்கம் என்றால் இரட்டை, நிற்க வேண்டிய இடத்தில் வேறு நிற நூல் ஒரு துண்டு. நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பேனா பிடிக்கத் தெரியாதவர்கள் செய்கிற கூத்து என்று நினைத்துக்கொண்டேன்.

1986இல் சிங்கப்பூரிலிருந்து வந்த என் மைத்துனர் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். இன்றைய கம்ப்யூட்டரை நினைத்துக்கொள்ள வேண்டாம். ரப்பர் கீ வைத்த ஒரு தட்டைப் பெட்டி. அதிலிருந்து டிவிக்கு ஒரு வயர், டேப்ரிக்கார்டருக்கு ஒரு வயர். கேசட்டைப் போட்டால் ஐந்து நிமிஷம் காது கிழிய இரைந்துவிட்டு, பிறகு திரையில் ஏதாவது வரும். இதை வைத்தால் இன்ஸ்டிட்யூட்டுக்கு நாலு பேர் கூடுதலாக வருவார்கள் என்பது அவருடைய யோசனை.

கூட வந்த கேசட்டுகளில் ஒன்றுக்குப் பெயர் இல்லை. அதைப் போட்டால் திரை முழுக்கக் கறுப்பாகும். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். நாலு கீயைத் தட்டினால் புள்ளி நாலு பக்கமும் நகரும். ஓரத்தைத் தாண்டினால் இன்னொரு கறுப்புத் திரை. ஒன்றில் நீலக் கோடு, இன்னொன்றில் இரண்டு சிவப்புக் கட்டம், மற்றொன்றில் ஒன்றுமே இருக்காது. எதிரி கிடையாது, பாயிண்ட் கிடையாது. ஜெயித்தாயா தோற்றாயா என்றுகூட ஒரு வார்த்தை கிடையாது. மைத்துனருக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். செகண்ட்ஹேண்டில் வாங்கியபோது கூட வந்தது, எனக்கும் தெரியாது என்று பதில் வந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதாமல் ஒருவன் ஆட்டம் செய்து விற்றிருக்கிறான் என்றால் அவனுக்கு எவ்வளவு திமிர் இருக்க வேண்டும்! விடுவேனா? நோட்டுப் போட்டுக் கட்டம் கட்டமாக வரைந்தேன். டைப்பிங் லோயர் பரீட்சைக்குப் படிக்கிற பையன்களும் பெண்களும் பின்னால் நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒரே திரையில் வந்து முட்டியது. அங்கே மேலிருந்து கீழ்வரை ஒரு வெள்ளைக் கோடு, சுவர் மாதிரி. பதினைந்து நாள் அந்தச் சுவரோடு மல்லுக்கட்டினேன். கீ தேய்ந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் நாலு மணிக்கு வெறுத்துப்போய் டீ குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்தால் சுவரைக் காணோம். துடைப்பத்தோடு பொன்னாயி டிவி முன்னால் நின்றிருந்தாள்.

“நானொண்ணும் தொடலீங்க மாஸ்டர்” என்றாள் பயந்துகொண்டே. “நீங்க போனதுல இருந்து பாத்துக்கிட்டுத்தான் நிக்கறனுங்க. கோடு கொஞ்சங் கொஞ்சமாக் கரைஞ்சு போச்சுங்க.”

நான் நம்பவில்லை. மறுபடி முதலிலிருந்து போய்ச் சுவர் முன்னால் புள்ளியை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மெதுவாக நூறு எண்ணுகிற நேரம் ஆனது. கோட்டின் இரண்டு முனையும் மங்கி, நடுவரைக்கும் கரைந்து, வழி விட்டது. பதினைந்து நாளில் நான் ஒருமுறைகூட நூறு எண்ணும் நேரம் கையைச் சும்மா வைத்திருக்கவில்லை. அந்தப் பெட்டி இத்தனை நாளும் நான் எப்போது ஓய்வேன் என்று காத்திருந்திருக்கிறது!

அதன் பிறகு நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை, ஒரு பேட்ச் போய் அடுத்த பேட்ச் வரும்வரை, கீ அவள் கையில். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். அவள் ஆடுகிற விதமே வேறு. புதுத் திரை வந்தால் உடனே நகர மாட்டாள். கொஞ்ச நேரம் நின்று பார்ப்பாள். பிறகு ஓரமாகவே ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். சிவப்புக் கட்டத்தைத் தொட்டால் ஆரம்பித்த இடத்துக்கே போய்விடும் என்பதை ஒரே தரத்தில் பிடித்துக்கொண்டாள். நீலக் கோட்டின் பக்கத்திலேயே நடந்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், அது வழி சரி என்பதற்கு அடையாளம் என்பதும் அவள் கண்டுபிடித்ததுதான்.

அடிக்கடி கரண்ட் போய்விடும். ஊரிலுள்ள தறியெல்லாம் ஒன்றாக நிற்கும், எங்கள் டிவியும் அணையும், ஆட்டம் மொத்தமும் அழிந்துவிடும். நான் தலையில் கைவைத்து உட்காருவேன். பொன்னாயி, ஆடும்போதே முடிச்சுப் போட்டுவந்த நூலை இடுப்பிலிருந்து எடுப்பாள். கரண்ட் வந்ததும் இடது கையில் நூலை ஓட்டிக்கொண்டே, வலது கையால் தட்டி, விட்ட இடத்துக்குப் பத்தே நிமிஷத்தில் புள்ளியைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவாள். நோட்டில் நான் வரைந்திருந்த முப்பது பக்கத்தில் ஒரு பக்கம்கூட உதவவில்லை.

இதெல்லாம் உனக்கு எப்படிப் பிடிபடுகிறது என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உங்களுக்கு இது ஒண்ணுதானுங்க இப்படி. எனக்குப் பஸ்ஸு போர்டுல இருந்து எல்லாமே இப்படித்தானுங்களே.”

நான் என் நோட்டை மூடி மேஜைக்குள் வைத்தேன்.

ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். ஒரு மாசிச் சாயங்காலம், ஒன்றுமே இல்லாத ஒரு கறுப்புத் திரையில் அவள் புள்ளியை நிறுத்திவிட்டுக் கையை எடுத்தாள். நூறு எண்ணினோம், இருநூறு எண்ணினோம். அடுத்த பேட்ச் வந்து பின்னால் நின்றது. முந்நூறு தாண்டியதும் புள்ளியின் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக் கோடு தானாகக் கிளம்பியது. வளைந்தது, திரும்பியது, பின்னால் போயிற்று. அதுவரை அவள் நடந்த வழி மொத்தமும், அத்தனை திரையும் சுருங்கி, ஒரே திரையில் பெரிய கொடி மாதிரி படர்ந்து நின்றது. பொன்னாயி ஒரு விரலால் திரையிலிருந்த கோட்டைத் தொடர்ந்துகொண்டே, மறு கையில் நூலை ஓட்டினாள். திருப்பத்துக்குத் திருப்பம் முடிச்சு இருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. கோயிலில் தீபாராதனைக்கு நிற்கிற மாதிரிதான் நான் நின்றேன். பெட்டிக்கு முன்னால் அல்ல, அவளுக்கு முன்னால்.

இவ்வளவையும் கண்ணால் பார்த்தவன், அடுத்த வாரம் என்ன செய்தேன் தெரியுமா?

தந்தி வந்தது. காலையில் கூட்ட வந்தவள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். “படிச்சுச் சொல்லுங்க மாஸ்டர்” என்றாள். கந்தன் கால்மேல் பைப் விழுந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், ஆள் வரவும். பெல்லாரிக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். திருச்செங்கோட்டு ரிக் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டோம். வண்டி வேறு ஊரில் போர் போடப் போய்விட்டது, கந்தன் ஆஸ்பத்திரியில் தனியாகத்தான் இருக்கிறான், இங்கிருந்து ஆள் போகப் பத்து நாள் ஆகும் என்றார்கள். கந்தனின் அண்ணன் சின்னான் மாடு பிடிக்கக் கேரளா போயிருந்தான்.

“நானே போறனுங்க” என்றாள்.

நான் குதித்தேன். பாஷை தெரியாது, எழுத்துத் தெரியாது, நீ போய்த் தொலைந்துவிட்டால் உன்னை யார் தேடுவது என்று கேட்டேன். அப்படியானால் நான் கூடப் போயிருக்கலாம். பரீட்சை நெருங்குகிறது, இன்ஸ்டிட்யூட்டை மூட முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். ஓசூரைத் தாண்டி நான் போனதே இல்லை. அவள் கிளம்புவதில் உறுதியாக இருந்ததும், என் மனச்சாட்சிக்காக ஒரு காரியம் செய்தேன். எங்கே இறங்க வேண்டும், எங்கே மாற வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று மூன்று பக்கம் டைப் அடித்து, கவரில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். படிக்கத் தெரியாதவளுக்கு! அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, “வாரேனுங்க” என்று சேலம் பஸ் ஏறினாள்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெங்களூர் தாண்டினால் போர்டெல்லாம் கன்னடம் என்பது பஸ் போன பிறகுதான் என் மண்டையில் உறைத்தது. அங்கே நானும் கைநாட்டுதான். அவளுக்காவது அது பழகிப்போன விஷயம். நானாக இருந்தால் பெங்களூர் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

பத்தாம் நாள் மத்தியானம் இன்ஸ்டிட்யூட் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. முன்னாலிருந்து பொன்னாயி இறங்கினாள். மாவுக்கட்டுப் போட்ட காலோடு கந்தனை இரண்டு பேர் இறக்கினார்கள். இளைத்திருந்தான், ஆனால் சிரித்தான். இன்னும் நாலு நாள் கழித்து வந்திருந்தால் காலை எடுத்திருப்பார்கள், இவள் வந்து கூச்சல் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினாள் என்று அவனே சொன்னான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை மறைக்கத் தோன்றவில்லை.

போன கதையை அவள் சொன்னாள். பெங்களூர் வரை சிக்கல் இல்லை. பெல்லாரியில் தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டதால், நடு வழியில் மூன்று ரோடு சேரும் ஒரு முக்கூட்டில் இறக்கிவிட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவள் பேச்சுப் புரியவில்லை. ஒருவன் இந்தப் பக்கம் கை காட்டினான், ஒருத்தி அந்தப் பக்கம் காட்டினாள். அவள் எந்தப் பக்கமும் போகவில்லை. காலையிலிருந்து மத்தியானம்வரை ஒரு வேப்பமரத்தடியில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பது லாரிபோலப் போனதாம். அதற்கப்புறம் ஒன்று வந்தது. முன்னால் வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் கட்டி, நெற்றியில் மாரியாத்தா படம் எழுதி, மேலே போர் பைப் ஏற்றிய வண்டி. போர்டில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியாது. நம்ம பக்கத்துப் பெயிண்டு என்று தெரிந்தது. நடு ரோட்டில் போய்க் கையை விரித்து நின்றாள். சங்ககிரிக்கார டிரைவர், கந்தனை அறிந்தவர், அரைமணி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார்.

“அவ்வளவு நேரமும் அங்கேயே நிற்க உனக்கு எப்படித் தைரியம் வந்தது?” என்று கேட்டேன்.

“உங்க டிவியிலதான பாத்தனுங்க மாஸ்டர்” என்றாள். “தட்டிக்கிட்டே இருந்தா தெறக்காதுங்க.”

பிறகு ஜாக்கெட்டிலிருந்து என் கவரை எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். வியர்வையில் நைந்திருந்தது, ஆனால் பிரிக்கவே இல்லை. மாஸ்டர் எழுதினது பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்திருந்தாளாம். அப்போது அவள் இடுப்பிலிருந்து ஒரு நூல் கீழே விழுந்தது. முழ நூல் போதாமல் நாலைந்து முழம் ஒட்டுப்போட்டிருந்தாள். நெடுக முடிச்சு. இடையிடையே மஞ்சள், பச்சை, ஒரு இடத்தில் மட்டும் சிவப்பு நூலில் பெரிய முடிச்சு.

எடுத்து என் விரலில் ஓட்டிப் பார்த்தேன். பதினெட்டு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு கீயைத் தொட்டவன் விரல் இது. ஒன்றும் விளங்கவில்லை. எந்த முனை ஆரம்பம் என்றுகூடத் தெரியவில்லை. அவள் என் கையைப் பார்த்துவிட்டு, நூலை வாங்கி, திருப்பி நேராகப் பிடித்தாள்.

“படிச்சுச் சொல்லு பொன்னாயி” என்றேன்.