ஏழு நாள் சஸ்பென்ஷன்

வடக்கே இருந்த அந்த ஆலையில் யார் ஓய்வு பெற்றாலும் அவருடைய வாழ்க்கை வரலாற்றை மேடையில் இந்தியில் வாசித்துவிட்டுத்தான் மாலை போடுவார்கள். எழுதுவது ஆபீஸ் கிளார்க் பட்டாபிராமன். சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டுவார். சேர்ந்த தேதி, பதவி உயர்வு, எத்தனை பிள்ளைகள். அரைமணியில் ஓர் ஆயுசை எழுதி முடித்துவிடுவார். யாரும் குறை சொன்னதில்லை. கைதட்டுவார்கள், சமோசா தின்பார்கள், போய்விடுவார்கள்.

1998இல் பேக்கிங் பிரிவு தங்கராஜின் முறை வந்தது. ஆலைக்குப் பக்கம் சாங்வியில் வீடு, பூர்வீகம் ஆம்பூர், ஆள் வாயில்லாப் பூச்சி. அவரே பட்டாபிராமனின் மேஜைமுன் வந்து நின்றார்.

"சார், எண்பத்தொண்ணுல எனக்கு ஏழு நாள் சஸ்பென்ஷன் குடுத்தாங்களே, அதையும் எழுதிடுங்க."

"உமக்கென்ன பைத்தியமா? கறுப்புப் புள்ளியைப் போய் யாராவது மேடையில படிக்கச் சொல்வாளா?"

"அன்னிக்கு கேட் பாஸ் இல்லாம ஓடினேன் சார். கொழந்தைக்கு ஜன்னி. ருக்மிணின்னு பேரு, பதினோரு மாசம். நான் போறதுக்குள்ள போயிடுச்சு. அப்புறம் ரெண்டு பசங்க பொறந்தானுங்க. ரேஷன் கார்டுல ரெண்டு, உங்க புஸ்தகத்துலயும் ரெண்டு. அந்தக் கொழந்தைக்குன்னு எழுத்துல இருக்கறது அந்த சஸ்பென்ஷன் ஒண்ணுதான்."

அவர் போனபின் பட்டாபிராமன் புத்தகத்தைத் தேடிப் பிரித்தார். 'அனுமதியின்றி வெளியேறினார்.' காரணம் எழுத வேண்டிய இடம் காலி. கையெழுத்து பட்டாபிராமனுடையதேதான். அவருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை பேர் ஆயுசை எழுதிக் கிழித்தோம் என்ற கர்வமெல்லாம் அங்கேயே இறங்கிப்போயிற்று.

மூன்று தடவை எழுதிக் கிழித்தார். மேலதிகாரி முகம் சுளித்தால்? தனக்கு இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ் பாக்கி. ஆனாலும் விழாவன்று வாசித்தார். சஸ்பென்ஷனை, அதன் காரணத்தை, கடைசியில் "தீன் பச்சே" என்று மூன்று பிள்ளைகளின் பெயர்களையும். முன்வரிசையில் இருந்த மகன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். கைதட்டல் வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

வாசலில் டோல் மேளம் முழங்க ஆரம்பித்தது. தங்கராஜின் மனைவி பவுன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பட்டாபிராமனிடம் வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். அவர் கையிலிருந்த தாளை வாங்கி விரித்தாள்.

"சார், எங்க ருக்கு எந்த வரில இருக்கா?"

அவர் விரல் வைத்துக் காட்டினார். அவள் தன் விரலை அங்கே வைத்த பிறகுதான் அவர் தன்னுடையதை எடுத்தார்.